இலையோடு பறித்த பூ

சேசு மரி சூசை

பஞ்சம்பட்டி
திருவருகைக் காலம், முதல் ஞாயிறு

அன்பு மகள் நான்சிக்கு அப்பா எழுதுவது.

மாதா கிருபையால் நான் சுகம். அம்மாவும் சுகம். இந்த இரண்டாவது வரியை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதற்காகத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ அங்கே குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, காதை மூடிக் குல்லா போடுகிறாயா, அந்த இருமல் விட்டதா, இதெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். முதலில் ஒன்று. வேலையை விடுகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்றாயே, அந்தக் கடுதாசியை உன் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடாதே தாயி. இதை முழுக்கப் படி, கூட வைத்திருக்கிற தாள்களைப் பிரித்துப் பார், அதற்கப்புறம் உன் இஷ்டம். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று, நம்ம பூக்கடை முதலாளி சேக் பரீது அண்ணனின் மகள் தஹ்சீன் லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்புகிறது, அது கையில் கொடுத்தனுப்புகிறேன். தேடி வந்து உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிடாதே, அந்தப் பிள்ளைக்குச் சூடாக ஏதாவது வாங்கிக் கொடு.

ஊரில் இந்த வருஷம் மழை நன்றாக இறங்கிவிட்டது. சிறுமலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் மூடிக் கிடக்கிறது, கண்மாய் நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மல்லிகை வரத்து குறைந்துவிட்டது, கனகாம்பரமும் சம்பங்கியும்தான் ஓடுகிறது. தோட்டத்துப் பறிப்பை அடுத்த வீட்டுக் கண்ணம்மாளிடம் விட்டிருக்கிறேன், நம் ஆடுகளையும் அவளே வாரத்துக்கு வளர்க்கிறாள், குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. நான் விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் எடை போட்டுவிட்டு வெயில் ஏறுமுன் வந்துவிடுகிறேன், அதுவரைக்கும் கண்ணம்மாள்தான் அம்மாவை எட்டி எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். சமையல் நான். சிரிக்காதே. சோறு பதமாக வந்தால் வெஞ்சனம் தீய்ந்துவிடுகிறது, வெஞ்சனம் தேறினால் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிடுகிறேன். போன வாரம் நான் வைத்த ரசத்தை உன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், பேச்சு வராவிட்டால் என்ன, இத்தனை வருஷம் வாயால் திட்டியதெல்லாம் அந்த ஒரு பார்வையில் இருந்தது. ஆனால் குடித்து முடித்துவிட்டாள். அவளுக்கு என்மேல் இருக்கிற பிரியம் அம்புட்டு.

மாதா பிறப்புத் திருநாளுக்கு முந்தி அம்மாவுக்கு வாதம் வந்து நீ ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனபோது அவள் கட்டிலைவிட்டு எழவில்லை. இப்போது கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாள். வலது கைதான் இன்னும் மடியிலேயே கிடக்கிறது. பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அவளிடம் மிச்சமிருந்தது ‘அதான்’ என்கிற அந்த ஒற்றைச் சொல்தான், நீயும் கேட்டிருக்கிறாய். தண்ணி வேணுமா என்றால் அதான். ஜெபம் சொல்வோமா என்றால் அதான். கோபம் வந்தாலும் அதான், அழுதாலும் அதான். போனில் உன் முகத்தைக் காட்டினால் உதடு நடுங்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே, வெட்கப்படுகிறாள். பேச்சுப் பயிற்சிக்குத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே ஆனந்தி என்று ஒரு பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், பொறுமைக்கு அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும். அது சொன்னது, வீட்டில் இவங்க தினமும் புழங்கின சாமானை எடுத்துக் காட்டுங்க, பேரைக் கேளுங்க, வாயில் வரலைன்னா கையால தொட்டுக் காட்டட்டும், அவசரப்படாதீங்க, நீங்களே பதிலைச் சொல்லிறாதீங்க என்று. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம். சும்மா இருக்கத் தெரியாத வாய் என் வாய் என்று உனக்குத் தெரியும்.

கரண்டி, சொம்பு, சீப்பு, ஜெபமாலை, எல்லாம் தொட்டுக் காட்டினாள். சந்தோஷப்பட்டேன். பிறகு அவளுக்கே சலித்துவிட்டது, சொம்பைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு வேலிப் பூ ஞாபகம் வந்தது. கண்மாய்க் கரையிலும் வேலியிலும் மழை விழுந்ததும் படருமே அந்தக் கொடிகள், புனல் மாதிரி பூக்கும், மதியத்துக்குள் வாடிவிடும், அதில் இது தாளி, இது சிறுதாளி, இது புலிச்சுவடி என்று ஆட்டுக்குத் தழை அறுக்கும்போது உனக்கு ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுவாள். நான் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. தராசில் ஏறாத பூவைப் பற்றி எனக்கு என்ன கவலை என்று கிண்டல் பண்ணுவேன். இந்தப் பூவைக் காட்டிக் கேட்போம், இது அவளுடைய பாடம், இதில் நிச்சயம் குஷியாகிவிடுவாள் என்று நானாகவே ஒரு திட்டம் போட்டேன்.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி விளக்கு வெளிச்சத்திலேயே பறித்தேன். எப்படிப் பறித்தேன் என்று கேள். மொட்டாகப் பார்த்து, காம்பைக் கிள்ளி, ஒரு இலை கூட ஒட்டாமல் சுத்தமாக. ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு வாயைக் கட்டினேன். கடையில் ஒரு இலை கலந்து வந்தாலே மூட்டையைப் பிரித்துப் போட்டுச் சண்டை பிடிக்கிறவன் நான், இலையோடு பூவை எடுத்துப்போனால் என் கையே கூசும். எடை முடிந்து வீட்டுக்கு வந்து சுளகில் பரப்பினேன். எல்லாம் மடக்கின குடை மாதிரி சுருட்டிக்கொண்டு கிடந்தது, சிலது கசங்கியிருந்தது. நீ போனைக் காட்டினால் அதுவே பூவின் பேரைச் சொல்லும் என்றாயே, அதையும் காட்டிப் பார்த்தேன், அது ஏதோ மிளகாய் என்றது. மிளகாயாம். சரி, நம்ம ஆள் சொல்லுவாள் என்று சுளகை அம்மா மடியில் வைத்துத் தாளிப்பூவை எடு என்றேன். ஒன்றை எடுத்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அடியைக் கட்டைவிரலால் தடவினாள். போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள், அதையும் அப்படியே. பிறகு பையைக் கேட்டுக் கையை நீட்டினாள், கொடுத்தேன், வெறும் பையை உள்ளே கைவிட்டுத் துழாவினாள், உதறினாள், அதான் அதான் என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான், பையில ஒண்ணுமில்லை புள்ள, சுளகைப் பாரு என்று மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில் சுளகைத் தட்டிவிட்டு அழுதாள். வெறும் பையில் எதையோ தேடுகிறாள், கண்ணெதிரே இருக்கிற பூ தெரியவில்லை, அவ்வளவுதான், பேச்சு மட்டுமில்லை புத்தியும் போய்விட்டது என்று எனக்கு நெஞ்சு விட்டுப்போய்விட்டது.

அன்றைக்குச் சாயந்தரம்தான் ஆட்டுக் கொட்டத்துப் பக்கம் போய் நின்று உனக்குப் போன் பண்ணினேன். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல தாயி, கைவிட்டுப் போச்சு என்று அழுதது நான்தான், அப்படியே சொன்னதும் நான்தான். நீ நர்ஸ், ஆளை அடையாளம் தெரியலையா, சொன்னது புரியலையா என்று வரிசையாகக் கேட்டாய், நான் எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா என்றேன். அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டாய். இன்னும் கொஞ்ச மாசம் இருந்தால் உன் பயிற்சிக் காலம் முடிந்து பதிவு கிடைத்துவிடும், நடுவில் விட்டால் எல்லாம் முதலிலிருந்து என்று உன் வாயாலேயே சொல்லியிருக்கிறாய். அதற்காக நீ எத்தனை ராத்திரி கண்விழித்துப் படித்தாய் என்று நாங்கள் பார்த்தவர்கள். இருந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இனிதான் நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. ரெண்டு மூணு நாள் கழித்து நான் கடைக்குப் போகவில்லை, காய்ச்சல் மாதிரி இருந்தது. கண்ணம்மாள் பறிப்பை முடித்துவிட்டு ஆட்டுக்கு அறுத்த தழைக்கட்டோடு வந்தாள். கட்டை வாசலில் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தாள், அவளுக்கும் எனக்கும் நான்தான் டீ போட்டேன். நாங்கள் ரெண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், உன் அம்மா குனிந்து தழைக்கட்டை இழுக்கிறாள். விழுந்துவிடப் போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இடது கையால் கட்டுக்குள்ளிருந்து ஒரு குச்சியை உருவினாள், நீளமான இலை, பெரிய ரோஸ் நிறப் பூ, ஒடித்த இடத்தில் பால் வடிகிறது. அதைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். மறுபடி கையை விட்டு இன்னொன்றை உருவி அதையும் எறிந்தாள். கண்ணம்மாள் போய் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“அடி ஆத்தி, நெய்வேலிக் காட்டாமணக்கு. அருவாள்ல எப்படிச் சிக்குச்சுன்னே தெரியலையே மதினி. ஆட்டுக்கு ஆகாதுல்ல இது.”

கொடியோடு கொடியாக அது கரையில் நிற்கும், பூவும் அதே புனல்தான், ஆனால் அது செடி, குச்சியாக நிமிர்ந்து நிற்கிறது, ஆடு தின்று பழகினால் தள்ளாடிக் கெட்டுப்போகும். அது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு நிற்கவில்லை. மிச்சக் கொடிகளையும் ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டு இலை மேலே தெரிகிற மாதிரி விரித்தாள், ஒரு கையால் விரிக்க முடியாததை முழங்காலில் வைத்து அமுக்கினாள். வெயில் வந்துவிட்ட நேரம், பூவெல்லாம் விரிந்து கிடந்தது. நான் டீ டம்ளரோடு நின்றவன் நின்றபடி, பயந்துகொண்டே கேட்டேன், இதில் தாளி எது புள்ள என்று. நான் கேட்டு வாயை மூடவில்லை, தொட்டுவிட்டாள். சிறுதாளி? தொட்டாள். புலிச்சுவடி? என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையும் தொட்டாள். பிறகு அவள் மடியிலிருந்து ஒரு பூவைக் காம்போடு பிய்த்தாள், இலை இல்லாமல் வெறும் பூவை, அதை என் மூக்குக்கு நேரே நீட்டித் தலையை ஆட்டினாள். அந்தப் பூவைப் போட்டுவிட்டுக் கொடியிலிருந்த இலையைப் பிடித்து ஆட்டினாள். வாயைக் கோணிக் கோணி, தொண்டையில் எதையோ புரட்டிப் புரட்டி, சொல்லிவிட்டாள்.

“எலை.”

அதான் இல்லை நான்சி, எலை. கண்ணம்மாள் சாட்சி. அன்றைக்கு வெறும் பையில் அவள் தேடியது இலையை. இலை எங்கேய்யா, இலை இல்லாமல் இதை வைத்து என்ன சொல்வது என்றுதான் என்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். மூளை முழுசாக இருந்ததால் தேடினாள். நான்தான் கடைக்காரப் புத்தியில் இலையை எல்லாம் கிள்ளிக் கரையிலேயே போட்டுவிட்டு, விரியாத மொட்டைக் கொண்டுவந்து கொட்டி, அவளுக்குப் புத்தி இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கண்ணம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

“ஏண்ணே, மார்க்கெட்டுக்குப் பறிக்கிற மாதிரி பறிச்சா அது யாருக்குத்தேன் தெரியும்?”

ஆனந்தியிடம் கொடியையே கொண்டுபோய் அம்மாவை வைத்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டது. இவங்களுக்கு எல்லாம் உள்ளே இருக்குங்கப்பா, வெளியே வர்ற வழிதான் அடைச்சிருக்கு, தினமும் இதையே செய்யுங்க, நேரம் எடுக்கும் ஆனா வரும் என்றது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கேட்டேன், அதைச் சொல்ல முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டது. அதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது நாங்கள் தினமும் கண்மாய்க் கரைக்குப் போகிறோம். வண்டியில் பின்னால் உட்காரவைத்து என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு மெதுவாக உருட்டுகிறேன், நீ திட்டுவாய் என்று தெரியும், கரை வரைக்கும்தான். அங்கே இறங்கிக் கம்பு ஊன்றி நிற்பாள், நான் பறித்துக் காட்டுவேன். பாடம் அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. தாளிக்கும் சிறுதாளிக்கும் இலை ரெண்டும் அரச இலை மாதிரி, இதய வடிவம்தான், என் கண்ணுக்கு ஒரே இலை. தாளிப்பூ வெளிர் ஊதாவில் உள்ளே தொண்டை மட்டும் கருத்து, கொத்தாகப் பூக்கிறது. சிறுதாளி சின்னப் பூ, வெண்ணெய் நிறம், நடுவில் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு. பூவோடு பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடுகிறது, பூ வாடிவிட்டால் நான் அம்பேல். தாளி இலையில் சிலதுக்கு நடுவில் ஊதாக் கறை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஜம்பமாகப் பேர் சொன்னேன், கறை இல்லாத தாளி இலை ஒன்றை எடுத்துக் காட்டி என்னைக் கவிழ்த்துவிட்டாள். மூன்று விரல் பிரிந்த மாதிரி இலையும் சொரசொரப்புமாக இன்னொரு கொடி, காலையில் அடர்ந்த நீலம், வாடும்போது ரோஸாகிவிடுகிறது, நான் ரெண்டு வேறு பூ என்று சொல்லி அதற்கும் கையில் ஒரு அடி வாங்கினேன். புலிச்சுவடி இலை பேருக்கேற்ற மாதிரி பாதத்தைப் பதித்த கணக்கில் இருக்கிறது, உடம்பெல்லாம் முடி. அது பூக்கவே மாட்டேன் என்கிறது, உன் கொடி என்னை ஏமாற்றுகிறது என்று ஒரு நாள் காலையில் அவளைச் சீண்டினேன். சாய, சாய என்றாள். எங்கே சாய்வது என்று நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு மேற்கே காட்டினாள். சாயந்தரம் திரும்பக் கூட்டிப்போனேன். வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கைக் கண்டால் மட்டும் நின்று கம்பால் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் நகருவாள்.

இதுவரைக்கும் வந்த சொற்கள், எலை, ஆடு, சாய, உப்பு, அப்புறம் போ. போ என்பது எனக்கு மட்டும் சொல்வது. ஒரு நாளைக்குப் பல தடவை சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு நிறைகிறது. கிறிஸ்துமஸுக்குச் சின்னாளப்பட்டியில் சேலை எடுக்கக் கூட்டிப்போனேன், நான் காட்டிய சிவப்பைத் தள்ளிவிட்டுத் தாளிப்பூ நிறத்தில் ஒரு சுங்குடியை அவளே பிடித்துக்கொண்டாள், கடைக்காரர் மடித்து வைக்கக் கேட்டபோதும் விடவில்லை.

நீ கேட்பாய், இதையெல்லாம் போனிலேயே சொன்னீங்களேப்பா என்று. சொன்னேன். அதற்கு நீ என்ன சொன்னாய், எனக்காகப் பொய் சொல்றீங்க என்றாய். நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை, போன வருஷம் நான் வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்ததை உன்னிடம் மறைத்தவன்தானே, என் நல்ல செய்திக்கு உன்னிடம் மதிப்புக் கிடையாது, கெட்ட செய்தியைத்தான் நம்புவாய். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன கெட்ட செய்திதான் தப்பு தாயி. என் தராசு தப்பாக நிறுத்ததை வைத்து நீ உன் வாழ்க்கையை முடிவு பண்ணக் கூடாது. நீ வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வந்தால் எனக்கு நல்லா இருக்கும். ரசத்துக்கு உப்புச் சரியாக இருக்கும், ராத்திரி அவள் இருமினால் பதறாமல் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூணு பேராகப் போவோம். ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவுக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நீ வரக் கூடாது, அது உண்மையில்லை. பயிற்சியை முடி, பதிவை வாங்கு, அப்புறம் லீவு போட்டு ஈஸ்டருக்கு வா. முடித்த பிறகும் இங்கேயே இருக்கத்தான் உனக்கு மனசு என்றால் அப்போது வந்து இரு, யார் கேட்கப் போகிறார்கள். கல்யாணப் பேச்சு எதுவும் எடுக்க மாட்டேன், போதுமா.

இப்போது தாள்களைப் பற்றி. பழைய காலண்டர் தாளில் ஒவ்வொரு இலையையும் அதன் பூவையும் சேர்த்து வைத்து, மேலே கடையிலிருந்து கொண்டுவந்த எடைக்கல்லை ஏற்றிக் காயவைத்தோம். ஒட்டியது நான், எது எங்கே என்று விரல் வைத்தது அம்மா. நான் ஒரு தடவை கூடச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தர எனக்குத் தெரியவும் தெரியாது. பூவின் நிறம் போயிருக்கும், இலை அப்படியே நிற்கும். புலிச்சுவடி, நீலப்பூக் கொடி, தாளி, சிறுதாளி, எல்லாம் இருக்கிறது. பேரை நான் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கடைசித் தாளில் இலை மட்டும்தான் இருக்கும். கறை இல்லாத இதய வடிவ இலை ஒன்று. ஒட்ட மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த இலைக்குப் பக்கத்தில் பூவை வைக்கப் போனேன், அம்மா அதைப் பிடுங்கி இடது கைக்குள் மூடிக்கொண்டாள். கொடு புள்ள, நேரமாச்சு, தஹ்சீன் கிளம்பிரும் என்றேன். தலையை ஆட்டினாள். மூடின கையாலேயே கவரில் நான் எழுதியிருந்த உன் பேரைத் தட்டினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது, சொல்லிவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது, ஆனந்தி சொன்னதை நினைத்து வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நெற்றியில் வேர்த்துவிட்டது அவளுக்கு. வாதம் வந்ததிலிருந்து உன் பேர் அவள் வாயில் வரவில்லை, அது உனக்கும் தெரியும். இப்போது வந்தது, ஒவ்வொரு எழுத்தாக.

“நான்சி சொல்லட்டும்.”

கர்த்தர் உன்னைக் காப்பாராக, மாதா உன் கூடவே நடப்பாளாக. நேரத்துக்குச் சாப்பிடு, குல்லா போடாமல் வெளியே இறங்காதே. இந்தக் கடுதாசி கைக்கு வந்த அன்றைக்கே போன் பண்ணு, என்னைக் கேட்காதே, பூ இல்லாமல் அந்த இலையைச் சொல்ல எனக்குத் தெரியாது. இலையைப் போனுக்கு நேரே பிடித்து அம்மாவிடம் பதிலைச் சொல். இந்தத் தடவை போனைக் கவிழ்க்க மாட்டாள், நீ சொல்வது சரியா தப்பா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா
செபஸ்தியான்

இதன் அடியில் இருக்கிற கோணல் கோடு அம்மா இடது கையால் போட்டது. வியாகுலம்மாள் என்று படித்துக்கொள்.